ஜட்ஜ் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்ட அத்தியாயம்

பொம்மிடியில் அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் கடை ஒன்றே ஒன்றுதான். ரயிலடியிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக ஒரு ஓட்டுக் கட்டடம். கடைக்காரன் என் சிநேகிதன். ஆள் குள்ளம். அவன் வாடகைக்கு விட்ட சைக்கிள்களில் பாதியில் அவனுக்கே கால் எட்டாது. தொண்டை மட்டும் கூத்துக்காரத் தொண்டை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து, பட்டணத்திலிருந்து வருகிற வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்க வாசிப்பான். அதைக் கேட்பதற்கென்றே சில பேர் நன்றாக இருக்கிற டயருக்குக் காற்றடிக்க வருவார்கள்.

நாங்கள் மூன்று பேர் அந்த வாசலின் நிரந்தர ஆசாமிகள். ஒருவன் நான், போர்டு ஸ்கூல் வாத்தியார். இன்னொருவர் கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எந்த வியாதிக்கும் அதே சிவப்புத் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, பிழைத்தவர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறவர். மூன்றாமவர் புளி மண்டிக்காரர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் முட்டிமோதிக்கொண்டு வரும். கதவுக்கு உள்பக்கம் கடைக்காரன் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். சித்தேரி மலையிலிருந்து புளியும் தேனும் சுமந்து இறங்கியவர்கள், மண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு வந்து ஓரமாகக் குந்துவார்கள்.

பத்திரிகை மத்தியானத் தபாலில் வந்து வீட்டுக்குள் போய்விடும். சாயங்காலம் கடைக்காரன் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "ஏம்மே, குடு" என்பான். கதவு இடுக்கில் ஒரு வளையல் கை வரும். அவன் வாங்கிப் பிரித்து, தொண்டையைச் செருமி ஆரம்பிப்பான். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. "எனக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்துலதான் தெரியணும், அதான் நியாயம்" என்று சொல்வான்.

நானே வாங்கிப் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாத்தியார் தொடர்கதை படிக்கிறார் என்று ஊரில் பேச்சு வந்தால் என் கௌரவம் என்ன ஆவது? காற்றடிக்க வந்த இடத்தில் காதில் விழுந்தால் அது வேறு விஷயம். என்னிடம் சைக்கிள் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கம்பவுண்டருக்கு மூக்குக் கண்ணாடி உடைந்து மாமாங்கம் ஆயிற்று. மண்டிக்காரருக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகமொத்தம் பத்திரிகையில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் மூவருக்கும் அவன் வாய் வழியாகத்தான் தெரியும்.

நாங்கள் அதிகம் கேட்டது ஜட்ஜ் வீட்டுக் கதை. பட்டணத்தில் ஒரு ஜட்ஜ், அவருக்குக் கடன்கார மைத்துனன், காணாமல் போன வைர அட்டிகை என்று என்னென்னவோ வரும். எங்களுக்கு அதெல்லாம் அக்கறையில்லை. ஜட்ஜுக்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள். வாய்த்துடுக்கு. அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையல்காரனுக்குத் தூக்குத் தண்டனை விதிப்பாள். அவளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிற இடத்தில், கடைக்காரன் வாசிப்பதை நிறுத்தினான். ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தான். பிறகு தொடர்ந்தான். அந்தப் பெண் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது, களி குடு" என்றாள். ஜட்ஜ் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினார். வாசலில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விட்டோம். கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கடைக்காரனுக்கும் ஒரு பெண் இருந்தாள். அதற்கு முந்தின வருஷம், மழைக் காலத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே குழந்தை. அதைப் பற்றி அவன் எங்களிடம் பேசியதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் துக்கம் விசாரிக்கிற லட்சணம் அதுதான்.

பட்டணத்து ஜட்ஜ் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டுவார்களா என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெண் சாமைச் சோறு தின்றாள், ஏரியில் கெளுத்தி பிடித்தாள், வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். "அந்த ஊர்லயும் ஏரி இருக்குதா?" என்று மண்டிக்காரர் ஒரு தடவை கேட்டார். "பட்டணம்னா என்னன்னு நெனச்சீங்க? எல்லாம் இருக்கும்" என்று அவன் அடித்துச் சொன்னான். கதையும் ஒருநாள் முடிந்தது. அடுத்த வாரம் வேறொரு கதை தொடங்கிற்று. அதில் ஒரு ஜமீன்தார். அந்த ஜமீன்தாருக்குப் பக்கத்து பங்களாவில் நம் ஜட்ஜ் குடிவந்தார். அதற்கடுத்த கதையிலும் எப்படியோ அவள் வந்து சேர்ந்துவிட்டாள். இந்தப் பத்திரிகைக்காரர்கள் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை கதைதான் ஓட்டுவார்கள் என்று நான்கூட அலுத்துக்கொண்டேன். மலைக்காரர்களுக்கு அலுக்கவே இல்லை. "அந்தப் புள்ள நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவார்கள். ஒரு பெரியவர் அவளுக்கென்று ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தேன் கொண்டுவந்து கொடுத்தார். கடைக்காரன் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு, "ரயில்ல அனுப்பிடறனுங்க" என்றான்.

இப்படி அவள் எங்களோடு வளர்ந்தாள். யுத்தம் வந்தது. டயருக்குப் பர்மிட் வந்தது. பத்திரிகை நோஞ்சானாகி, அப்பளம் மாதிரி தாளில் வர ஆரம்பித்தது. அவள் மட்டும் பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரன் படுத்தான். வயிற்றில் கட்டி என்றார் கம்பவுண்டர். சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். மாம்பழம் மலிவாகக் கிடைத்த ஒரு மாதத்தில் போய்விட்டான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று அவன் யோசித்தானா?

காரியத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் கருமாதிப் படையலில் செத்தவருக்குப் பிடித்தது ஒன்று விடாமல் வைக்க வேண்டும். சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு, கள் குடித்தவருக்குக் கள். பிடித்ததில் ஒன்று குறைந்தாலும் ஆள் நிறைவில்லாமல் போவார் என்பது நம்பிக்கை. என் சிற்றப்பாவின் படையலில் மூன்று கட்டுச் சீட்டு வைத்தார்கள். அவர் அதற்குத்தான் வாழ்ந்தார். கடைக்காரனுக்கு என்னென்ன வைப்பது என்று அவன் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். களி, கருவாட்டுக் குழம்பு, மசால் வடை, பன்னீர்ப் புகையிலை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அவருக்கு எல்லாத்தையும் வுடக் கதைதானுங்க புடிக்கும். அதையும் படைக்கணும்."

"பத்திரிகையை எடுத்து வைச்சிடலாம் தங்கச்சி."

"வச்சாப் பத்தாதுங்க. கருவாட்டை வேக வைக்காமயா படைக்கிறோம்? நீங்க படிக்கணும். அந்தப் புள்ள காய்ச்சல்ல இருந்து எழுந்திருச்சுக் களி கேக்குமே, அந்த எடம். அவரு தொண்டையடைக்கப் படிச்சது அது ஒண்ணுதான். அது இல்லாம அவரு போவ மாட்டாருங்க."

துக்கத்தில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். தனக்கென்று வேறு எதையும் அவள் கேட்கவில்லை, அழக்கூட இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

இதற்கிடையில் ஏரியூரிலிருந்து அவன் அண்ணன் வந்து இறங்கினார். நிலபுலன் உள்ளவர், மீசையும் அதற்கேற்ற மாதிரி. "கதையாவது கத்திரிக்காயாவது! நாலு பெரிய மனுசங்க வர்ற எடத்துல சரமகவிதான் படிக்கணும்" என்று கம்பைநல்லூர்ப் புலவர் ஒருவருக்குச் சொல்லியனுப்பிவிட்டார். சரமகவி என்பது செத்தவரைப் புகழ்ந்து பாடி, கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்து, காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கையில் கொடுக்கிற பாட்டு. வசதியுள்ள வீடுகளில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. கடைக்காரன் எந்தச் செய்யுளைக் கேட்டாலும் இரண்டாம் அடியில் கொட்டாவி விட்டு நாலாம் அடியில் தூங்கிப்போகிறவன். அவனுக்குப் போய்ச் சரமகவி!

எங்கள் மூவருக்குள்ளும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. கம்பவுண்டர் பக்திப் பாட்டு ஒன்று போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். நட்பின் பெருமை பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கிறதே, அதை வாசித்தால் என்ன என்று நானே ஒரு நிமிஷம் தடுமாறினேன். மண்டிக்காரர் என்னை முறைத்தார். "பசங்க அதைக் கேட்டுத் தூங்கறது போதாதா? நான் தெலுங்குல ஒரு சுலோகம் சொல்றன். ஒருத்தனுக்கும் அர்த்தம் தெரியாது, சண்டையே வராது" என்றார். கடைசியில் மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். அவள் கேட்டதைத்தான் வாசிக்க வேண்டும். அண்ணனுடைய சரமகவி முன்னால் போகட்டும், கதை பின்னால் வரட்டும்.

பழைய இதழ்கள் எல்லாம் கடையில் ஒரு சைக்கிள் கம்பியில் குத்தி, உத்தரத்தில் கட்டித் தொங்கின. காரியத்துக்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் கடைக்குள் போய் அவற்றை இறக்கினோம். தூசி, எலிப் புழுக்கை, ரப்பர் வாசனை. கம்பவுண்டர் தும்மிக்கொண்டே அடுக்க, மண்டிக்காரர் அட்டைப் படத்தைப் பார்த்து இதழ்களை அடையாளம் சொல்ல, நான் படித்தேன். ஜட்ஜ் வீட்டுக் கதை ஆரம்பம் கிடைத்தது. கறுப்புக் கோட்டு கிடைத்தது. தூக்குத் தண்டனை கிடைத்தது. காய்ச்சல் வந்த இதழும் கிடைத்தது. ஆனால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிற பக்கத்துக்கு அப்புறம் புரட்ட முடியவில்லை. இரண்டு தாள்கள் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. முகர்ந்து பார்த்தேன். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன்.

"கைப்பட்டிருக்கும். பஞ்சர் ஒட்டறவன்தானே" என்றார் கம்பவுண்டர்.

ஓரம் முழுக்க விடாமல், டியூபில் போடுகிற அதே சுத்தத்தோடு ஒட்டியிருந்தது. கைப்பட்டது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. கத்தி முனையை விட்டு மெதுவாகப் பிரித்தேன்.

உள்ளே பக்கம் முழுவதும் ஒரு படம். கட்டிலில் குழந்தை, கழுத்துவரை போர்வை, கட்டில் கால்மாட்டில் விழுந்து கிடக்கிற தாய். எதிர்ப்பக்கத்தில் அச்சில் இருந்தது: ஜட்ஜ் வீட்டுப் பெண் அன்று விடியற்காலையில் செத்துப்போனாள். அந்தத் துக்கத்தில் மைத்துனன் திருந்தினான். அட்டிகை கிடைத்தது. அதற்கப்புறம் அந்தக் கதையில் அவள் பேச்சே இல்லை. மற்ற இதழ்களையும் வெறி பிடித்தவன் மாதிரி புரட்டினேன். ஜமீன்தார் இருந்தார். பக்கத்து பங்களா இல்லை. ஏரி இல்லை, கெளுத்தி இல்லை, சைக்கிள் இல்லை. எங்களோடு அத்தனை வருஷம் வளர்ந்த பெண்ணைப் பற்றி அச்சில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

மண்டிக்காரருக்கு நான் சொல்வது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் கை வைத்து ஒரு டியூப் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி, எத்தனை நாளா! நான் அந்தப் புள்ள பரீட்சையில பாஸாகணும்னு தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டனே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பவுண்டருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்த ஒரு சொம்புத் தண்ணீர் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிரிப்பும் அழுகையும் அடங்கின பிறகு உண்மையான தொல்லை எதிரில் வந்து நின்றது. நாளைக்கு எதைப் படிப்பது? அச்சில் இருப்பதைப் படித்தால், அவள் குழந்தையை இரண்டாம் தடவை சாகடித்த பாவம் எனக்கு. கிடைக்கவில்லை என்று சொன்னால் படையலில் குறை. அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றார் கம்பவுண்டர்.

"எலி தின்னுச்சுன்னு செத்தவன்கிட்ட சொல்லுவியா?" என்றார் மண்டிக்காரர். "வாத்தியாரே, நீயே சொல்லுய்யா. அவன் சொல்லல?"

நான் வாத்தியார். அச்சில் காற்புள்ளி இருந்தால் அங்கே நின்று மூச்சு விடுகிறவன். இல்லாததை இருக்கிற மாதிரி வாசிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவன் தொண்டைக்கு நான் எங்கே போவேன்? கைக்குக் கிடைத்த சொல்யூஷனை எடுத்து அந்த இரண்டு தாள்களையும் மறுபடி ஒட்டினேன். என் ஒட்டு அவன் ஒட்டு மாதிரி வரவில்லை.

காரியத்தன்று கடை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏரிக்கரைச் சடங்கு முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். சித்தேரிக்காரர்கள் ஒரு கூட்டமாகவே வந்திருந்தார்கள். தேன் கொடுத்த பெரியவரும் இருந்தார். தலைவாழை இலையில் படையல் வைத்தாயிற்று. களி உருண்டை ஆவி பறந்துகொண்டிருந்தது. காக்கைக்கு ஒரு பங்கு ஓட்டின்மேல் வைத்திருந்தது.

புலவர் எழுந்தார். கையில் ரோஸ் கலர்த் தாள். யுத்த காலத்தில் வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை. மாட்டுச் சந்தை நோட்டீசுக்கு வாங்கியதில் மிச்சமாம். சரமகவியை ராகம் போட்டு ஆரம்பித்தார். ஆறடி உயரத்தான், ஆனைபோல் நடந்தான் என்றார். பந்தலில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரோ ஒரு மிராசுதாருக்குக் கட்டியதைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். நெல்வயல் ஆயிரம் ஆண்டான் என்ற இடத்தில் அண்ணனே நெளிந்தார். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை இறங்கி, வடையைக் கவ்விக்கொண்டு போயிற்று. கூட்டம் முழுவதும் கூரையை நிமிர்ந்து பார்த்துப் பரவசப்பட, சரமகவியின் மிச்சம் யார் காதிலும் விழவில்லை. புலவர் காக்கையை முறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது நான். பத்திரிகையைப் பிரித்தேன். கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. டாக்டர் வந்ததை அச்சில் இருந்தபடி வாசித்தேன். நாடியைப் பிடித்தார், வாசித்தேன். உதட்டைப் பிதுக்கினார், வாசித்தேன். அத்தோடு அச்சு முடிந்தது. ஒட்டின தாள்தான் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கம்பவுண்டர் இருமினார், நான் திணறினால் இருமுவதாக ஏற்பாடு. எனக்கு அந்த இருமலால் ஒரு உபயோகமும் இல்லை. மண்டிக்காரர் எழுந்து ஒரு சொம்பு தண்ணீரை என் கையில் கொடுத்தார். குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "குழந்தை... கண் திறந்தாள்" என்றேன். என் குரல் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"எழுந்திருச்சு ஒக்காந்துச்சுங்க" என்றார் தேன்காரப் பெரியவர், எனக்கு மறந்துவிட்டதாக நினைத்து.

"எழுந்து உட்கார்ந்தாள். மோர் வேண்டும் என்று கேட்டாள்..."

"மோரு இல்லீங்கண்ணா." கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல். காரிய வீட்டில் அவள் எல்லோர் காதிலும் விழும்படி பேசியது அப்போதுதான். "மொதல்ல களி. மோரு அப்புறம்."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. ஜட்ஜ் எந்த நாற்காலியிலிருந்து எழுந்தார் என்பதை ஒருவர் சொன்னார். சமையல்கட்டுக்கு ஓடியபோது அவர் வேட்டி தடுக்கியதை இன்னொருவர் சொன்னார். களி சூடாக இருக்கிறதென்று அவள் அப்பாவைத் திட்டின திட்டைப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அப்படியே சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் சொல்யூஷன் வாசனை. ஏரியூர் அண்ணன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அந்தப் பொண்ணு அப்புறம் என்னாச்சு?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு அது நாள்வரை தம்பி சைக்கிள் கடைக்காரன் என்றுதான் தெரியும்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. நான் பத்திரிகையை உத்தரத்துக் கம்பியில் திரும்பக் குத்தப் போனேன். அவள் கடைக்குள் வந்து நின்றாள்.

"நல்லாப் படிச்சீங்கண்ணா."

"நான் எங்கே படித்தேன்? ஊரே படித்தது."

"வர்ற வெள்ளிக்கிழமையும் புஸ்தகம் வருங்க. தை வரைக்கும் சந்தா கட்டியிருக்காரு. வந்து படிக்கிறீங்களா?"

நான் தயங்கினேன். "தங்கச்சி, நான் வாத்தியார். எழுதியிருக்கிறதைத்தான் எனக்குப் படிக்க வரும். அவன் மாதிரி..." அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவள் என் கையிலிருந்த இதழை வாங்கினாள். ஒட்டின தாளைக் கட்டைவிரலால் நீவினாள்.

"அந்தப் புள்ள செத்துப்போச்சுங்களே, அதைச் சொல்றீங்களா?"

நான் அந்த டியூப் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கப்பன் வூட்லயே எழுத்துக் கூட்டிப் படிப்பனுங்க. இங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. புஸ்தகம் மத்தியானம் வந்துடுமே, அவரு கடையில இருக்கறப்பவே உள்ள ஒக்காந்து படிச்சுடுவன். அன்னிக்கு இந்தப் படத்தைப் பார்த்துட்டு அடுப்படியில கவுந்து படுத்துட்டனுங்க. நம்ம புள்ள போன மாதிரியே இருந்துச்சு. சாயங்காலம் கதவுகிட்ட வரவே கூடாதுன்னு இருந்தன். அவரு குடுன்னு கேட்டாரு, குடுத்தன். அப்புறம் பார்த்தா, அது எழுந்து ஒக்காந்துக்கிட்டுக் களி கேக்குதுங்க."

"அவனிடம் சொல்லவே இல்லையா?"

"படிச்சுட்டன்னு சொன்னா நிறுத்திப்புடுவாரே" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே இதழைக் கம்பியில் குத்தி, தானே உத்தரத்தில் மாட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீஸ் எதுவும் இல்லை, வழக்கம் கெடக்கூடாது என்றுதான். கம்பவுண்டரும் மண்டிக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். மலைக்காரர்கள் குந்தினார்கள். கதவு இடுக்கில் கை வந்தது, வளையல் இல்லை. பத்திரிகையை வாங்கிப் பிரித்தேன். அந்த வாரம் புதுக் கதை. ஒரு இன்ஸ்பெக்டர் துரத்துகிறார், ஒரு திருடன் ஓடுகிறான். முதல் பத்தியை எழுதியிருந்தபடி வாசித்தேன். இரண்டாவதையும் வாசித்தேன். மூன்றாவது பத்தியில், திருடன் ஏறப்போன ரயிலிலிருந்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, டிரங்குப் பெட்டியோடு ஜட்ஜ் வீட்டுப் பெண் பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள்.